சத்து ஊசி என்று சொல்லி

1

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் முகத்துக்கு நேராகச் சொல்ல வருவதில்லை. மாமியாரைத் திட்ட வேண்டுமானால் போனில் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் குப்பை கொட்டினால் கோயில் மைக்கில் ‘சில பேர்’ என்று அறிவிக்கிறார்கள். பெற்ற மகன் அப்பனுக்குப் போன் போட்டு அம்மாவிடம் இதைச் சொல் என்கிறான். அம்மா பக்கத்திலேயே குந்திக்கொண்டிருக்கிறாள். சொல்ல வேண்டியதை இன்னொன்றுக்குள் வைத்துக் கொடுத்தே பழகிவிட்டார்கள்.

இந்தக் கதையும் அப்படி வந்ததுதான், ஒளிக்க ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பெண் சுகிர்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“பெரிப்பா, நீ கத எய்துறல்ல. எங்க வூட்டு விஷயத்த வேற யாரு வூட்லயோ நடந்தா மாரி எய்திக் குடு. அவருக்குப் படிக்கக் குடுக்கறேன். படிச்சா அவருக்கே புரிஞ்சுடும்.”

அவர் என்றால் சாம்சன், அவள் புருஷன்.

“வாயால சொன்னா இன்னா?”

“வர்ல பெரிப்பா. தொண்டையாண்ட வந்து நின்னுக்குது.”

நான் ஐந்தாவது வரை படித்தவன். உத்திரமேரூர் மில்லில் நெல் மூட்டை தூக்கினவன். சின்னப் பத்திரிகைகளில் என் கதை சிலது வந்திருக்கிறது. தெருவில் ஒருத்தரும் படித்ததில்லை. இப்படி ஆர்டர் கொடுத்து எழுதச் சொன்ன முதல் ஆள் இவள்தான். அதனால் சரி என்றுவிட்டேன். அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘புள்ளலூரில் வரதன் என்றொரு குடியானவன் இருந்தான். நாலு ஏக்கர் நன்செய், ஒரு கிணறு. அவனுக்கு மனதில் ஒரு

நிறுத்திவிட்டேன். நிலமும் கிணறும் இருக்கிறவனுக்குச் சீக்கு வந்தால் அது வேறு கதை. வண்டி வைத்து அழைத்துப்போவார்கள், வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பார்கள். சாம்சன் டைல்ஸ் ஒட்டுகிறவன். அவன் அம்மா சிட்டம்மாள் காலம் பூராவும் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவள். ஆள் இல்லாத வீடு என்பதால்தான் இது நடந்தது.

இரண்டாவது ஆரம்பம்:

‘டாக்டர் ஒரு சின்னப் புட்டியைத் தூக்கிக் காட்டி, இதற்குள் இருப்பது

இதுவும் வேண்டாம். டாக்டரை முதலில் விட்டால் கதை அவர் கைக்குப் போய்விடும். அவர் நன்றாகப் பேசுகிறவர்.

கடைசியில் உள்ளபடியே சாம்சன், சுகிர்தா, சிட்டம்மாள் என்று எழுதிவிட்டேன். பெயரை மாற்றச் சொல்லித்தான் கேட்டாள். அந்த வீட்டில் ஏற்கெனவே பொய் நிறைய இருக்கிறது. என் பங்குக்கு ஒன்று எதற்கு.

3

சாம்சனுக்கு இரண்டு வருஷம் முன்னால் காதுக்குள் யாரோ ஓர் ஆள் பேச ஆரம்பித்தான். சோற்றில் எவனோ விஷம் வைக்கிறான் என்று அந்த ஆள் சொன்னானாம்.

[இந்த இடத்தில் அவன் கத்த வேண்டும், தட்டை விட்டெறிய வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எழுதிப் பார்த்தேன், நன்றாகவும் வந்தது. ஆனால் அவன் அப்படிச் செய்யவில்லை. அடித்துவிட்டேன்.]

அவன் செய்ததெல்லாம் இதுதான். தோல் உள்ள பண்டமாகப் பார்த்துத் தின்ன ஆரம்பித்தான். வாழைப்பழம், ஓட்டோடு அவித்த முட்டை, வேர்க்கடலை, இளநீர். தானே உரிப்பான், தானே சீவுவான். உள்ளே ஒருத்தரும் கை வைத்திருக்க முடியாது, அதுதான் கணக்கு. அம்மா கையால் காபி மட்டும் குடிப்பான். பெண்டாட்டி ஆக்கின சோற்றை மோந்து பார்த்து ஒதுக்கி வைப்பான். மரியாதையாகத்தான் ஒதுக்குவான்.

முதலில் இவ்வளவு முற்றவில்லை. சோறு தின்றுகொண்டுதான் இருந்தான். மனநோய் டாக்டரிடம் அழைத்துப்போனார்கள்; அவர் மாத்திரை கொடுத்தார், அவன் துப்பினான். சுகிர்தா அம்மியில் வைத்துப் பொடியாக்கிக் குழம்பில் போட்டாள். ஒருநாள் கரண்டி அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டான். எழுந்து போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்தான். அன்றிலிருந்துதான் தோல்.

[சோற்றில் எதையோ வைக்கிறார்கள் என்று நினைப்பது சீக்கு என்றார் டாக்டர். சோற்றில் நிஜமாகவே வைத்தார்களே, அப்போது அது சீக்கா, கண் நன்றாகத் தெரிகிறது என்று அர்த்தமா? பிற்பாடு நான் அவரிடமே கேட்டேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.]

4

மாத்திரை ஆகாது என்றதும் டாக்டர் ஊசிக்கு வந்தார். அவர் சொன்னது சுகிர்தா வழியாக எனக்கு வந்தது, என் வழியாக உங்களுக்கு வருகிறது. நடுவில் என்ன சிந்தியதோ தெரியாது.

புட்டியில் வெள்ளைத் தூள் இருக்கும். பார்வைக்குத்தான் தூள். ஒவ்வொரு பொட்டும் ஓர் உருண்டை, தலைமயிர் கனத்துக்கு. தையல் போடும் நூல் உடம்புக்குள்ளேயே கரைகிறதே, அந்த ஜாதிப் பொருளில் மருந்தைக் குழைத்து உருட்டியிருக்கிறார்கள். புட்டத்துச் சதையில் போட்டதும் உருண்டை அங்கேயே தங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, உள்ளே இருக்கும் மருந்து நாள்பட வெளியே கசியும். கடைசியில் உருண்டையே தண்ணீராகவும் மூச்சாகவும் போய்விடும், ஒன்றும் மிஞ்சாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று போட்டால் போதும்.

அந்த உருண்டை ஒரு மாதிரி பிளாஸ்டிக்தானாம். பிளாஸ்டிக் மூச்சாகப் போகும் என்றால் நம்ம ஏரிக்கரை எப்போதோ சுத்தமாகியிருக்கும். அது வேறு பிளாஸ்டிக் என்கிறார்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தோல் உள்ளதைத்தான் நம்புவேன் என்றான் அவன். மருந்துக்கே தோல் மாட்டி உள்ளே அனுப்பினார்கள்.

[தோல் கிடையாது, உள்ளும் புறமும் ஒரே குழைவு என்று டாக்டர் பின்னால் திருத்தினார். நான் திருத்தவில்லை. எனக்கு இந்த இடத்தில் தோல் வேண்டியிருக்கிறது.]

அவனுக்கு விளக்கிச் சொல்லிவிட்டுப் போடுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லிட்டேன் சார் என்று சுகிர்தா தலையாட்டியிருக்கிறாள். வீட்டில் வந்து சொன்னது வேறு. வாயப்பயம் துன்னே எளச்சிப் பூட்ட, இது சத்து ஊசி, போட்டுக்க. அவன் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சீல் உடையவில்லை. சரி, போடு என்றான்.

ஊசி போடுகிறவர் எல்லப்பன். பெருநகர் என்கிற பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் வெகுகாலம் கம்பவுண்டராக இருந்துவிட்டு, இப்போது மொபெட்டில் வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறார். தூளில் மருந்துத் தண்ணீரை விட்டு நன்றாகக் குலுக்கி உடனே ஏற்றிவிட வேண்டும், நின்றால் அடியில் தங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டதை சுகிர்தா அவருக்கும் காட்டிக்கொடுத்தாள். அவரிடமும் சத்து ஊசி என்றே சொன்னாள். அவருக்கு வாய் நிற்காது, டீக்கடையில் அவிழ்த்துவிடுவார் என்ற பயம்.

இன்னொன்று. முதல் மூன்று வாரம் உருண்டையிலிருந்து மருந்து வெளியே வராதாம். அதுவரைக்கும் வாய் வழியாகவும் கொடுத்தாக வேண்டும். சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார்கள். அவள் அதைக் காபியில் விட்டாள். காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தது சிட்டம்மாள். அந்தப் பொம்பளைக்கு ஒன்றும் தெரியாது.

இந்த மூன்று வாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறுபடி சொல்ல மாட்டேன் என்று எழுதினேன். சொல்வேன்.

5

ஊசி வேலை செய்தது. அதை மறைத்தால் நான் பொய்யன். காதில் பேசின ஆள் மெல்ல எட்டிப் போனான். சாம்சன் ஒருநாள் தட்டை எடுத்துவந்து, ரசம் ஊத்து என்றான். சுகிர்தா ரசம் ஊற்றிவிட்டுப் பின்பக்கம் போய் அழுதாளாம். மறுமாசம் ராஜகுளத்தில் ஒரு மண்டபத்துக்கு டைல்ஸ் ஒட்டப் போனான்.

கெட்டிக்காரக் கதைக்காரனாக இருந்தால் கதையை இங்கே முடித்திருப்பான்.

6

இனி எல்லப்பன். இந்த ஆளை வில்லனாக்கப் பார்த்தேன். பேராசை பிடித்தவராக, குடித்துவிட்டு வருகிறவராக எழுதினேன். ஒட்டவில்லை. என்னைக் கண்டால் இரண்டு டீ சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறவர். சொன்னதைச் செய்தார். சொன்னது பொய் என்பதில் அவருக்குப் பங்கு இல்லை.

நடந்தது இவ்வளவுதான். சுகிர்தா ஷூ கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போய்விடுவாள். எல்லப்பன் வரும்போது வீட்டில் தாயும் மகனும்தான். சிட்டம்மாளுக்கு அந்த வருஷம் நடவுக்குப் போய்வந்தால் எழுந்திருக்க முடியவில்லை. சாம்சன் நன்றாகத் தேறியிருந்தான். தேறினவனுக்கு அம்மாவின் அசதி கண்ணில் பட்டது. சீல் புட்டியை எடுத்து எல்லப்பன் கையில் கொடுத்து, எனக்குப் போதும், இந்த வாட்டி அம்மாவுக்குப் போடு என்றான்.

எல்லப்பன் என்னிடம் சொன்னார்: “சத்து ஊசி தானேண்ணா. புள்ளையாண்டான் பெத்தவளுக்குப் போடச் சொல்றான். எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்துச்சி.”

சிட்டம்மாள் மகனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். நம்ம ஜனத்துக்கு மாத்திரையை விட ஊசிமேல்தான் நம்பிக்கை. அதற்கடுத்த தடவையும் அவளுக்குத்தான். காலிப் பெட்டி குப்பையில் கிடந்ததைப் பார்த்து, புருஷன் போட்டுக்கொண்டான் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள்.

இரண்டு ஊசி. அவன் பாசத்தால் கொடுத்தது. [இந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள் சுகிர்தா. எடுக்கவில்லை.]

7

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் சிட்டம்மாளின் கை ஆடியது. சேற்றில் நாற்றைச் செருகினால் நட்ட நாற்று சாய்ந்தது. மேஸ்திரி, உனுக்கு வயசாயிப்போச்சி, வூட்லயே கெட என்று அனுப்பிவிட்டான். முகம் மரம் மாதிரி ஆனது. வாயோரம் எச்சில் ஒழுகியது. பகலெல்லாம் தூக்கம். கூப்பிட்டால் நிதானமாகத் திரும்பிப் பார்ப்பாள். வயசு என்றார்கள், காற்று அடித்துவிட்டது என்றார்கள். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். மூன்று வாரம் முந்திப் போட்ட ஊசியை எவன் நினைத்துப் பார்ப்பான்?

ஒரு காலையில் பாயிலிருந்து எழுந்தவள் கண் இருட்டிக் குழாயடியில் விழுந்தாள். இடுப்பு எலும்பு போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து கம்பி வைத்து அனுப்பின பிறகு, கட்டிலண்டை குந்திக்கொண்டு சாம்சன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான்.

“ரெண்டு ஊசி போட்டும் அம்மாவுக்கு ஏறல. இன்னும் ரெண்டு போட்டா எய்ந்துக்கும்.”

சுகிர்தா கையில் வைத்திருந்த செம்பைக் கீழே வைத்தாளாம். என்னிடம் சொல்லும்போதும் ஒரு செம்பைக் கீழே வைக்கிற மாதிரி கை போனது.

டாக்டரிடம் துணைக்கு நான்தான் பஸ் ஏறினேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்தார். அந்த அம்மாவை அழைத்துவாருங்கள் என்றார். விழுந்ததற்கு ஊசிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றார்.

“போட்டதை வெளிய எட்த்துடு சார்” என்றேன்.

“எடுக்க முடியாதுங்க. கரைஞ்சு போற வரைக்கும் காத்திருக்கணும். இன்னும் சில வாரத்துல தானா போயிடும்.”

“இடுப்பு எலும்பு?”

அவர் சுகிர்தாவைப் பார்த்து, உன் கணவருக்கு உண்மையைச் சொல்லிவிடு அம்மா, வேண்டுமானால் இங்கே அழைத்துவா, நான் சொல்கிறேன் என்றார். அது நல்ல பேச்சுதான். அங்கே வா என்று அவனைக் கூப்பிட என்ன பொய் சொல்வது என்பதை அவர் சொல்லித்தரவில்லை.

8

இப்போது வீட்டு நிலவரம். ப்ரிட்ஜில் அடுத்த பெட்டி இருந்தது. சாம்சனுக்கு ஊசி விட்டுப்போய் வாரக்கணக்காகிறது. மறுபடியும் சோற்றை மோந்து பார்க்கிறான். அந்தப் பெட்டியை அம்மாவுக்குப் போடச் சொல்கிறான். சுகிர்தா அதை எடுத்துப் பாஸ்டர் வீட்டு ப்ரிட்ஜில் ஒளித்துவைத்தாள். அவன் தேடியிருக்கிறான். அப்புறம் அவளைக் கேட்டிருக்கிறான்:

“எங்கம்மாவுக்குச் சத்து ஏறக் கூடாதுன்னு பாக்கறியா?”

சொல்லாவிட்டால் இவள் மாமியாரைச் சாகடிக்கப் பார்க்கிறவள். சொன்னால் அவன், தாயின் இடுப்பைத் தன் கையால் உடைத்தவன்; கூடவே, சோற்றில் எதையோ வைக்கிறார்கள் என்று காதில் பேசின ஆள் சொன்னது நிஜம். அதற்கப்புறம் எந்த ஊசியை அவன் போட்டுக்கொள்வான்? இதற்கு நான் ஒரு முடிவு எழுத வேண்டுமாம்.

எழுதினேன்.

ஒன்று: கதையைப் படித்து அழுகிறான், அவளை மன்னிக்கிறான், ஊசிக்குத் தானே திரும்பிப் படுக்கிறான். இது சுகிர்தா கேட்டது.

இன்னொன்று: ஒருத்தரும் சொல்வதில்லை. மருந்து கரைந்து சிட்டம்மாளுக்கு முகம் திரும்புகிறது. வயசுதான் காரணம் என்று ஊரே முடிவு பண்ணிவிடுகிறது. பொய் நன்றாக வாழ்கிறது. இது நடக்கக்கூடியது.

அப்புறம் ஒன்று எழுதினேன். அதில் சாம்சன் ஏரிப்பக்கம்

இல்லை. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அதைக் கேட்காதீர்கள்.

[ஓர் உவமையும் வந்தது. கதையும் அந்த உருண்டை மாதிரிதான், உள்ளே போய் மெள்ள மெள்ள... நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகம். அடித்துவிட்டேன்.]

எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க சுகிர்தா வந்தாள். படித்துக் காட்டினேன்.

“இன்னா பெரிப்பா, பேரையே போட்டுட்ட. படிச்ச ஒடனே தெரிஞ்சுடுமே.”

“தெரியணும்னு தானே எய்தச் சொன்ன?”

“கொஞ்சம் கொஞ்சமா தெரியணும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கொயம்புல போட்ட, காபில வுட்ட, இப்ப கதைல கலக்கிக் குடுக்கச் சொல்ற. அந்த ஆளுக்கு ஒரே ஒரு பண்டத்தையாவது தொறந்து காட்டிக் குடுத்திருக்கியா நீ?”

அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவர் ரசம் கேட்டப்ப நீ இல்ல பெரிப்பா. பொய் சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு எலும்பும் தோலுமா கெடந்திருப்பாரு. பேச வந்துட்ட. நீ மட்டும் இன்னா, எய்தித்தானே குடுக்கற. போய் வாயால சொல்லேன்.”



9

இந்தக் கடைசிப் பகுதி அவளிடம் கொடுத்த தாளில் கிடையாது. பிறகு எழுதியது.

எட்டாவது பகுதி வரைக்கும் எழுதினதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எது முடிவு என்று எழுதவில்லை. சாம்சன் அம்மாவுக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஸ்பூனையும் முதலில் தான் மோந்து பார்த்தான், பிறகுதான் அவள் வாயில் வைத்தான். எச்சில் வழிந்தால் தன் லுங்கி முனையால் துடைத்தான். சிட்டம்மாள் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு, கொடுத்ததை முழுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மகன், மருமகள் இரண்டு பேர் மேலும் நம்பிக்கை.

சுகிர்தா சமையல் கட்டிலிருந்து வந்து சுவரை ஒட்டி நின்றாள்.

தாளை வெளியே எடுக்காமலே திரும்பி நான் படியிறங்கும்போது கால் இடறிற்று. சாம்சன் ஸ்பூனை வைத்துவிட்டு ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

“தள்ளாட்றியே பெரிப்பா. ஒடம்புல ஒண்ணுமே இல்ல உனுக்கு. எல்லப்பனாண்ட சொல்றேன், வர்ற பெட்டிய உனுக்குப் போட்டுடட்டும்.”

நிஜமான அக்கறையாகத்தான் சொன்னான். சுகிர்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவன் கை என் தோளில் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அது சத்து ஊசி இல்லடா என்று

எனக்கும் தொண்டையண்டை வந்து நின்றது.

பையிலிருந்து தாளை எடுத்து, அவன் பார்க்கவே, சுகிர்தா கையில் வைத்தேன். “இத்தக் கதன்னு சொல்லிக் குடுக்காத. குந்தி, படிச்சுக் காட்டு” என்றேன்.

“இன்னா பெரிப்பா கீது அதுல?” என்றான் சாம்சன். தாளை வாங்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்தான். தாளையும் மோந்து பார்ப்பானோ என்று எனக்குத் தோன்றியது.

“உன் பொண்டாட்டி சொல்லும்.”

வந்துவிட்டேன். சொல்வதே நல்லது என்று டாக்டர் சொல்கிறார், படித்தவர். சொல்லாததால்தான் ஆள் பிழைத்தான் என்று அவள் சொல்கிறாள், அனுபவித்தவள். எல்லாம் கரைந்து தண்ணீராகவும் மூச்சாகவும் போய்விடும் என்கிறார்கள். எனக்கு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. எழுதிக் கொடுத்ததிலும் இல்லை.

மாதா கோயில் திருப்பம் வரைக்கும் பின்னாலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. அவள் குந்தினாளா, தாளைப் பிரித்தாளா, மடித்து அரிசிப் பானையில் செருகிவிட்டுக் கஞ்சி ஆறுது என்றாளா, தெரியாது. என் காதுக்கு அவ்வளவு தூரம் கேட்காது. உங்களுக்குக் காது நன்றாக இருந்தால் அந்த வாசலிலேயே நின்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். உத்திரமேரூர் பஸ் வருகிறது, நான் போகிறேன்.